அரிசி டின்னில் இருந்த காது மெஷின்

என் தம்பிக்குக் காது சரியாகக் கேட்காது. சேலத்தில் நடந்த முகாமில் அவனுக்கு ஒரு காது மெஷின் கொடுத்தார்கள். அரசாங்கம் கொடுத்தது, அத்தா கையெழுத்துப் போட்டு வாங்கியது. அது போதாதா அம்மாவுக்கு? எங்கள் மலையூரான நாகலூரின் பனியில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும் என்று சொல்லி, வீட்டு அரிசி டின்னுக்குள் அதைப் புதைத்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமையும் பெருநாளும்தான் அது வெளியே வரும். அன்றைக்குத் தம்பியின் நடையே வேறாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம். நான்காவது படித்த நான், ஒன்றாவது படித்த அவன் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் சொல்வதை வாயசைத்தும் கையசைத்தும் சொல்லிக்கொடுப்பேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். இந்த உத்தியோகத்தால் என்னிடம் யாரும் வாய்ப்பாடு கேட்பதில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மெஷின் எங்கே என்று கேட்டால் வீட்டில் போடுகிறான் என்று சொல்லச் சொல்லியிருந்தார் அம்மா. நானும் கூசாமல் சொன்னேன்.

அதை நம்பிய தலைமையாசிரியர், மெஷின் போட்டும் பையன் தேறவில்லை, சேலத்தில் விடுதியோடு இருக்கும் பள்ளியில் சேர்ப்பதுதான் நல்லது என்று எழுதிவிட்டார். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க வாரம் ஒருமுறை பஸ்ஸில் வரும் சிறப்பாசிரியர் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். அவர் ஒரு புதன்கிழமை விண்ணப்பத்தோடு எங்கள் மளிகைக் கடைக்கே வந்துவிட்டார். அத்தா பேனாவைத் திறந்தார். தம்பிக்கு ஒன்றும் தெரியாது, பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தான். கையெழுத்து விழுந்தால் அவன் பஸ் ஏறிவிடுவான் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் ஓடி, அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, மெஷினை எடுத்துவந்து அந்தப் புது டீச்சர் முன்னால் வைத்தேன்.

என் பின்னாலேயே வந்த அம்மா தலை நிமிரவில்லை. "ஈரத்துல கெட்டுப்போச்சுன்னா இன்னொண்ணு தரமாட்டாங்கன்னு பயமுங்க டீச்சர்."

டீச்சர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெஷினில் ஒட்டியிருந்த தவிட்டை ஊதினார். "ராத்திரிக்கு அரிசியிலயே வையுங்க, நொம்ப நல்லது. பகல்ல மட்டும் அவன் காதுல வையுங்க."

புது பேட்டரி போட்டுத் தம்பிக்கு மாட்டிவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, செல்லமாக "சாமி" என்று கூப்பிட்டார். அவன் திரும்பினான். கூப்பிட்டது யார் என்று தேடி, அவரைப் பார்த்துச் சிரித்தான். விண்ணப்பம் மடங்கிப் பைக்குள் போனது. அத்தா பேனாவை மூடிவிட்டு அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. தம்பி தினமும் மெஷினோடு பள்ளிக்கு வந்தான். போகப் போக என் பக்கமே திரும்புவதில்லை. வகுப்பில் டீச்சர் பேசினால் டீச்சரைப் பார்த்தான். தோளைத் தொட்டுத் திருப்பினால் கையைத் தட்டிவிட்டான். சாயங்காலம் அழுதுகொண்டே போய், இவன் டீச்சர் பேசுவதையே கேட்கிறான், என்னை மதிப்பதே இல்லை என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். நியாயம் கேட்பார் என்று பார்த்தால், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் இவ்வளவு அழுதும் அம்மா அவன் பக்கமே சேர்ந்துகொண்டார் என்று, இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை.