கிட்டாரின் கழுத்தை இழைத்தபோது

கடுகண்ணாவை மலைப்பாதை வளைவில், ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிள் வழுக்கி என் கணவரின் இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. விரல்கள்தான் முன்போல விரியவில்லை. சட்டைப் பொத்தான் போடுவது, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டார். கிட்டார் மட்டும் முடியவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்து வந்தவர் அவர். அவருடைய கிட்டாரின் கழுத்து, தந்திகள் ஓடும் அந்த நீளக் கட்டை, தடிமனானது. உள்ளங்கையை அதன் அடியில் வைத்தால் விரல் நுனிகள் தந்தியை எட்டவில்லை.

ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது அவரே கேட்டார்: "நீதான் மரவேலை செய்யிறியே. இந்தக் கழுத்தக் கொஞ்சம் மெலிசாக்கித் தர ஏலாதா?"

நான் கணக்கு டீச்சர். ஊரடங்குக் காலத்தில் போனில் பார்த்துப் பழகி, உட்காரும் வாங்கு ஒன்றும் புத்தக ராக்கை ஒன்றும் செய்தவள். அவ்வளவுதான். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதிகம் சுரண்டினால் வெளியே வந்துவிடும் என்று தயங்கினேன். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அவருடைய கை பழையபடி வரும் என்று நான் இன்னும் காத்திருந்தேன். கழுத்தை இழைத்துவிட்டால், வராது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அதனால் சரியான கருவி வேண்டும் என்றேன். அது பொய்யும் இல்லை. கழுத்தும் உடம்பும் சேரும் வளைவுக்குள் என் அரம் போகாது. கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட உள்ள ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். முதலாளியை ஊரில் எல்லாரும் நானா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர், என்னிடமிருந்த மரவேலைக் கைக் கிரைண்டரில் பூட்டக்கூடிய பல் வைத்த தட்டு ஒன்றையும், பேனா போல் பிடிக்கும் சிறிய சுழல் இயந்திரம் ஒன்றையும் எடுத்துவைத்தார்.

"எனத்துக்கு டீச்சர்?"

"கிட்டார் கழுத்த இழைக்க, நானா."

தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கிட்டார் பத்தி எனக்குத் தெரியா. இது எடுத்தா நெறைய எடுத்துரும். திருப்பி ஒட்டேலா."

இரண்டையும் வாங்கினேன். வீட்டில் கிடந்த மஹோகனித் துண்டுகளைக் கழுத்து வடிவில் வெட்டி, அவற்றில் சோதித்துப் பார்த்தேன். தட்டு, மரத்தின் ரேகை திரும்பும் இடத்தில் துள்ளிப் பள்ளம் விழுத்தியது. சுழல் இயந்திரத்தில் பூட்டிய உருண்டை இரும்பு முனை வளைவுக்குள் நன்றாகப் போனது. நீளப் பரப்பிலோ அலை அலையாகத் தடம் விட்டது. அதிலேயே பூட்டிய, சாண்ட் பேப்பர் சுற்றிய சிறிய உருளைதான் ஆக மெதுவானது. தூசி பறந்தது, கை வலித்தது. ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்தித் தடவிப் பார்க்க முடிந்தது. வளைவுக்கு உருண்டை முனை, மற்ற எல்லாவற்றுக்கும் உருளை என்று முடிவானது. அதற்குப் பிறகும் துண்டுகளையே இழைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை அவர் வந்து வாங்கில் உட்கார்ந்தார். துண்டு ஒன்றை எடுத்து இடது கையால் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல கை வராதுன்னு டொக்டர் எப்பவோ சொல்லிட்டார். நீ அப்ப மருந்து எடுக்கப் போயிருந்தே."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ நம்பிக்கிட்டிருந்தே. அதான் பேசாம இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவரிடமா என்னிடமா என்று தெரியவில்லை. இயந்திரத்தின் வயரைச் சுற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். நான் அவருக்காகக் காத்திருப்பதாக நினைத்திருந்தேன். அவரோ எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை தந்திகளைக் கழற்றினோம். கிட்டாரின் உடம்பைத் துவாயால் மூடினேன். கொஞ்சம் இழைத்து அவரிடம் கொடுப்பேன். கண்ணை மூடிப் பிடித்துப் பார்ப்பார். தடுக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தருவார். மத்தியானம் தாண்டியபோது, கம்பி வரை இன்னும் இடம் இருக்கிறது என்று அளவு காட்டியது. அதைச் சொன்னேன். அவர் கழுத்தை விட்டுக் கையை எடுக்காமலே, "போதும்" என்றார்.

வார்னிஷ் பூச நினைத்தேன். கை ஒட்டும் என்றார். எண்ணெய் மட்டும் தேய்த்துக் காயவிட்டோம்.

தந்தி பூட்டியதும் இரண்டு மூன்று தந்திகளை மட்டும் அழுத்தும் எளிதான சுரக்கட்டுகள் தெளிவாக விழுந்தன. சுட்டுவிரலை நீட்டி ஆறு தந்தியையும் ஒன்றாக அழுத்துவது மட்டும் வரவில்லை. குழுவில் சேர்ந்தபோது, அந்த இடங்களை மற்றக் கிட்டார்காரரிடம் விட்டுவிட்டார். முதல் ஞாயிறு, அவர் எங்கெங்கே நிறுத்துகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டாவது பாட்டில் நானும் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டேன்.