ஒற்றைக் கை

எங்கள் கல்லூரியில் பாதுகாப்பு சபை கூடியது. நம்புங்கள், கோயமுத்தூரில்தான், கேன்டீனுக்கு மேலே இருந்த ஹாலில். தொண்ணூறுகளின் நடுவில் ஐ.நா.வுக்கு ஐம்பது வயதாகியிருந்தது. பாதுகாப்பு சபையைத் திருத்த வேண்டும் என்று பேப்பர்கள் எழுதித் தள்ளின. அரசியல் பாடம் படித்த நாங்கள் பதினைந்து பேர், ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து விவாதிக்கும் போட்டி அது.

எனக்கு ஓர் ஆப்பிரிக்க நாடு வாய்த்தது. அவ்வளவு பெரிய கண்டத்துக்கு ஒரு நிரந்தர இடம்கூட இல்லை. தென்னமெரிக்காவுக்கும் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெயித்த ஐந்து பேர் அன்றைக்குப் போட்டுக்கொண்ட நாற்காலிகள் இன்னும் அசையவில்லை. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் நிரந்தர இடம் வேண்டும் என்று தீர்மானம் எழுதினேன்.

சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, தறியை நிறுத்திவிட்டுப் பார்க்க வந்தார். காரணம் இருந்தது. சென்னைக்குப் போய் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று நான் வீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தேன். நீ பேசுவதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார்.

தொண்டை வற்றப் பேசினேன். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னதும் ஹாலே கையாக எழுந்தது. கடைசி வரிசையில் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர்ப்பவர்கள் என்றபோது ஒரே ஒரு கை. தினமும் என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்கிற என் தோழியின் கை. அவள் நிரந்தர நாடுகளில் ஒன்று, அந்த ஐந்தில் ஒன்று மறுத்தாலே தீர்மானம் விழும். அவ்வளவுதான், தீர்மானம் தோற்றது என்று அறிவித்துவிட்டார் போட்டியை நடத்திய மேடம்.

வீட்டோ அதிகாரம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் நான். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பாவி, அவள் சிரிக்கக்கூட இல்லை.

பஸ்ஸில் அப்பாவுக்கு ஆறவே இல்லை. "பதினாலு பேரு சரீங்கறாங்க. ஒருத்தி வேண்டாங்கறா. அதுக்குப் பேரு ஒரு சபையா கண்ணு?" என்று சூலூர் தாண்டியும் கேட்டுக்கொண்டே வந்தார். கண்டக்டரிடமும் நியாயம் கேட்டார். இறங்கும்போது, நீ மெட்ராசுக்குப் போ என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தாய்மாமா வந்தார். அம்மா பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டு சுட்டாள். பெரியப்பாவும் இருந்தார். அப்பா பெருமையாக விஷயத்தைச் சொன்னார். பெரியப்பா நல்லது என்றார், அம்மா அடுப்படியிலிருந்தே தலையாட்டினாள். மாமா மட்டும் வேண்டாம் என்றார். என்றைக்கிருந்தாலும் என் பையனுக்குத்தானே கட்டப் போகிறோம், அவனைவிட அதிகம் படித்து என்ன செய்யப் போகிறாள் என்றார். அந்தக் கல்யாணப் பேச்சே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அப்பா சண்டைக்குப் போவார் என்று காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மச்சான் சொன்னா அப்பறம் என்னங்க இருக்குது" என்றார்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. நேற்று பஸ்ஸையே நியாயம் கேட்டு உலுக்கிய மனுஷன் இவர்தானா?

"ஏனுங்கப்பா, நேத்து பஸ்ல என்னங்க சொன்னீங்க?"

"அது ஒலகம் கண்ணு. இது நம்ம வூடு."

என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் என் கை தானாக மேலே போய்விட்டது.

"உங்க பையன் எனக்கு வேண்டாமுங்க மாமா."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மாமா வாயிலிருந்த ஒப்புட்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் அவரிடம் யாரும் வேண்டாம் என்ற சொல்லைச் சொன்னதில்லை. பெரியவங்க இத்தனை பேர் பேசி வைத்ததை இவள் ஒருத்தி மறுப்பதா என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா நிமிர்ந்தார். தூக்கிய என் கையையே பார்த்தார்.

"ஒரு கை போதுமாமுங்க மச்சான். நேத்துத்தான் பாத்துப்போட்டு வந்தேன்."

அந்த ஜூனில் என்னைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டது அப்பாதான். மாமா வழியனுப்ப வரவில்லை.