பால்கனியில் நான்கு பேர்

குமுளிப் பக்கத்து விடுதிகளில் பால்கனிக் கதவருகே 'ஒரே நேரத்தில் இத்தனை பேர்' என்று போர்டு இருந்தால், எண் சுவக்கீன் அண்ணனுடையது, எழுத்து என்னுடையது. அவர் கட்டட மேஸ்திரி. நான் பெயிண்டர் பாண்டி. இன்ஜினியர் தரும் காகிதத்தில் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்றுதான் இருக்கும். சுற்றுலா வருகிறவன் கிலோவைப் படித்து என்ன செய்வான்? அதை ஆள்கணக்காக மாற்றுவது அண்ணன் வேலை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு விடுதியில் ஐந்து சதுர மீட்டர் பால்கனி. மீட்டருக்கு முந்நூறு கிலோ. ஆளுக்கு எழுபத்தைந்து என்று வகுத்தால் இருபது பேர் வரும். "எதுக்கும் பதினஞ்சுன்னு போடு பாண்டி" என்றார். எவ்வளவு ஜாக்கிரதையான மனிதர் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒழுகும் கூரையைப் பார்க்க இருவரும் அங்கே போயிருந்தோம். எதிர்ச்சரிவில் யானை என்று யாரோ கத்த, தங்கியிருந்த பதினோரு பேரும் பால்கனிக்கு ஓடினார்கள். சமையல் வேலை பார்த்த புஷ்பமேரி வாசலில் தயங்கி நின்றாள்.

"அண்ணே, நானும் போயிப் பாக்கட்டுமா?"

அண்ணன் தலைகளை எண்ணினார். போர்டைக் காட்டினார். "பதினஞ்சு பேரு நிக்கலாம். போ தாயி."

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்ததும் பால்கனி சுவரிலிருந்து பிய்ந்து விழுந்தது. மற்றவர்கள் கைகால் முறிந்து பிழைத்தார்கள். புஷ்பமேரி பிழைக்கவில்லை. என் எழுத்து மட்டும் சுவரில் அப்படியே இருந்தது.

காகிதத்தில் உள்ள எடை தளம் முழுக்கப் பரவி நிற்பதற்காம். எல்லோரும் வெளிக்கம்பியோரம் நெருக்கி நின்றால், பால்கனி சுவரைப் பிடித்து இழுக்கும் இழுப்பு இரண்டு மடங்காகுமாம். போதாததற்கு மழைநீர் இறங்கி கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி துருப்பிடித்திருந்தது. விசாரணைக்கு வந்தவர் இதையெல்லாம் சொல்லி, மேஸ்திரி மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டுப் போனார். எழுதிவிட்டால் ஆயிற்றா? யானையைப் பார்க்க எவன் பரவி நிற்பான்? இதை எங்கள் இரண்டு பேரில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டாமா?

சாப்பிட உட்கார்ந்தால்கூட அண்ணன், "பதினொண்ணுதானடா இருந்தாக, நாந்தான பன்னெண்டாக்குனேன்" என்பார். அன்றிலிருந்து அவர் எந்தப் பால்கனியிலும் கால் வைத்ததில்லை. வாசலில் நின்றபடியே, எல்லோரும் கம்பியோரம் நிற்பதாக வைத்துத்தான் கணக்குப் போடுவார்.

போன வாரம் ஜிஜோவின் புது விடுதிக்குப் போனோம். சின்னப் பால்கனி, மொத்தமே அறுநூறு கிலோ. அண்ணன் நாலு என்றார்.

"பேப்பர்ல எட்டு வருதேண்ணே. ஒரு குடும்பம் வந்தா பாதிப் பேரை உள்ள உக்கார வைக்கவா?" என்றான் ஜிஜோ.

"ஆமா, உக்கார வை."

ஜிஜோ விடவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எட்டுன்னு எழுதணும்னா வேற ஆளப் பாத்துக்க" என்று பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். அவன் மனைவி ஜிஸ்மிதான், "நாலே எழுதுங்கண்ணே" என்றாள். எழுதி முடித்தேன்.

பிறகு ஜிஜோவும் ஜிஸ்மியும் நானும் பால்கனியில் நின்று மலையைப் பார்த்தோம். ஜிஜோ திரும்பி, "நீங்களும் வாங்கண்ணே. நாலு பேரு நிக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க" என்றான்.

அண்ணன் வாசலில் நின்றபடி விரலை நீட்டி எண்ணினார். ஜிஜோ, ஜிஸ்மி, நான். விரல் அதற்கு மேலும் நகர்ந்து, கம்பியோரம் யாருமில்லாத மூலையில் நின்றது.

"நாலு ஆயிருச்சுப்பா" என்றார்.

நான் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.