கப்பலம்மாவின் வாய்ப்பூட்டு

உல்லாசக் கப்பலில் போய் நாலு நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்று யாருக்காவது ஆசை வந்தால், நேராக மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பயண அலுவலகத்துக்குத்தான் வருவார்கள். அங்கே ஜன்னலோர மேசையில் கப்பலம்மா உட்கார்ந்திருப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டோடு சரி. அவளிடம் டிக்கெட் வாங்குகிறவர்கள் கூடவே புத்திமதியையும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்க முடியும். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள்.

"பெட்டியையெல்லாம் ஏறும்போதே வாங்கிக்குவாங்க. அது ரூமுக்கு வந்து சேர சாயந்திரம் ஆயிடும். அதனால மாத்திரை, மாத்துத் துணி, நீச்சல் உடை எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். தலை சுத்துற உடம்பா? அப்ப கீழ்த்தட்டுல, நடுவாப்பல ரூம் எடுங்க. ஆட்டம் அவ்வளவா தெரியாது. முதல் நாளே சாப்பாட்டு மேசையைப் பார்த்துப் பாயாதீங்க. மறுநாளும் அது அங்கேயேதான் இருக்கும்."

இவ்வளவும் சொல்கிறவள் கப்பல் ஏறியவளா என்றால், இல்லை. போய் வந்தவர்கள் புலம்பியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, அதையே அடுத்தவருக்கு எடுத்து விடுவாள். அலுவலகம் மூடிய பிறகும் ஓயாது. சாப்பிட உட்கார்ந்தால் ஃபோன், துணி மடித்தால் ஃபோன். எங்கேயோ நடுக்கடலில் இருக்கும் எவரோ அவளிடம் வழி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டர். பகலெல்லாம் "கிளச்சை மிதி, கண்ணாடியைப் பாரு, ஐயோ பிரேக்கு பிரேக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துகிறவர், வீட்டுக்குள் வந்தால் வாயே திறக்க மாட்டார். எதற்கும் "உம்" ஒன்றுதான் பதில். ஊரே விழுந்து விழுந்து கேட்கிற தன் பேச்சை இந்த மனுஷன் மட்டும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறாரே என்பது கப்பலம்மாவின் தீராத மனக்குறை.

அந்த வருஷம் டிக்கெட் நன்றாக விற்றதற்காகக் கப்பல் கம்பெனி அலுவலகத்துக்கு ஓர் அறையை இலவசமாகக் கொடுத்தது. முதலாளிக்குக் கடல் ஆகாது. அறை கப்பலம்மாவுக்கு வந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து போனதெல்லாம் உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்குத்தான். அங்கேயும் சாப்பிட்ட கையோடு மாஸ்டர் காரில் போய்ச் சாய்ந்துவிடுவார்.

"வரேன். ஆனா ஒண்ணு" என்றார் மாஸ்டர். அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே அவளுக்கு ஆச்சரியம். "கப்பல்ல ஒருத்தருக்கும் நீ புத்திமதி சொல்லக் கூடாது. சொன்னே, முதல்ல வர்ற துறைமுகத்துலேயே இறங்கி வீட்டுக்குப் போயிடுவேன்."

சொன்னால் செய்கிற ஆள்தான். இந்த ஒரு பயணமாவது முகம் சுளிக்காமல் அவரோடு போய் வர வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தலையாட்டினாள். ஆனால் உள்ளுக்குள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடமும் பேசக் கூடாதென்றால் உங்களிடமும் இல்லை போங்கள் என்று வாய்க்குப் பெரிய பூட்டாகப் போட்டுக்கொண்டாள்.

கப்பல் ஏறியதுமே சோதனை ஆரம்பித்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் இவர்களுக்கு முன்னால் நின்றார்கள். மாமியார் தட்டில் இனிப்பு, உறைப்பு, மீன், பழம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. மருமகள் குதி உயர்ந்த செருப்போடு தள்ளாடினாள். ஃபோனில் யாருக்கோ வீடியோ காட்டிக்கொண்டிருந்தாள். அது விலை கூடிய கப்பல் நெட்வொர்க்கில் போய்க்கொண்டிருக்கிறது, பில் வந்தால் மயக்கம் போட்டு விழுவாள் என்று கப்பலம்மாவுக்குத் தெரியும். நாக்கு துறுதுறுத்தது. ஒரு ரொட்டித்துண்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அலை கொஞ்சம் கூடுதல். மாமியார் மேல்தட்டில் உட்கார்ந்து குனிந்து தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு முனகினார். நிமிர்ந்து தூரத்தில் வானமும் கடலும் சேருகிற கோட்டைப் பாருங்கள், குமட்டல் அடங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கப்பலம்மா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் கடலைப் பார்த்தார். இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில், சண்டைக்காரர்கள் போல வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் துறைமுகத்தை ஒட்டியபோது மட்டும் மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தி பிரேக் பிடித்தது. மற்ற நாளாயிருந்தால் அதற்கே அவள் ஒரு மணி நேரம் சிரித்திருப்பாள்.

கரையிறங்கிக் கடைத்தெருவைச் சுற்றினார்கள். திரும்பும் வழியில் ஒரு செருப்புக் கடை வாசலில் அந்த மாமியாரும் மருமகளும். நடந்து நடந்து கால் கொப்புளித்து, தட்டைச் செருப்பு வாங்க வந்திருக்கிறார்கள்.

"நிதானமாப் பாருங்க அத்தை. அஞ்சு மணிக்குத்தானே கப்பல். இப்பதான் மூணரை" என்று மருமகள் ஃபோனைக் காட்டினாள்.

கப்பலம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஃபோன் தானாக, ஒரு மணி நேரம் பின்தங்கிய இந்தக் கரையின் நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பல் கடிகாரப்படி நாலரை. இன்னும் சற்று நேரத்தில் கப்பலேறும் படியை எடுத்துவிடுவார்கள். சொன்னால் இந்த மனுஷன் இப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். சொல்லாவிட்டால் இரண்டு பெண்கள் தெரியாத ஊரில் நடுத்தெருவில் நிற்பார்கள். போனால் போகிறது பயணம் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"ஏம்மா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாஸ்டரின் குரல். கிளச்சை மிதிக்காதவர்களிடம் போடுகிற அதே சத்தம். "கப்பல் ஏறிட்டா கப்பல் நேரம்தான் நமக்கு நேரம். கரையில இருக்கிற மணி கரையில இருக்கிறவங்களுக்கு. முதல்ல கிளம்புங்க, ஓடுங்க!"

அவள் திறந்த வாய் மூடவில்லை. அது அவள் எல்லோருக்கும் சொல்கிற வாக்கியம். எங்கே மூச்சு விடுவாளோ அங்கேயே அவரும் மூச்சு விட்டார்.

அதோடு விட்டாரா? மாமியாரின் பையைத் தூக்கிக்கொண்டு வழி நெடுகக் கொட்டித் தீர்த்தார். ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடச் சொன்னார். குமட்டினால் தூரத்துக் கோட்டைப் பார்க்கச் சொன்னார். தினமும் கதவிடுக்கில் செருகுகிற நிகழ்ச்சிச் சீட்டில் ஒன்றிரண்டுக்கு மட்டும் போங்கள், எல்லாவற்றுக்கும் ஓடினால் வேலைக்குப் போனது போல் ஆகிவிடும் என்றார். படி எடுக்கச் சற்று முன்னால் நால்வரும் ஏறிவிட்டார்கள். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டு, "தம்பி கப்பல் கம்பெனியிலயா வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெயில் தாழ்ந்ததும் மேல்தட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். கப்பலம்மா பூட்டைக் கழற்றினாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"தினம் ஃபோன்ல சொல்றியே. பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்."

"அப்ப எதுக்கு என்னைப் பேசக் கூடாதுன்னீங்க?"

"உன்னைப் பேசக் கூடாதுன்னா சொன்னேன்? மத்தவங்களுக்குச் சொல்லாதேன்னேன்." மாஸ்டர் கடலைப் பார்த்தபடியே சொன்னார். "எல்லாரும் வரிசையில வந்து கேட்டுட்டுப் போறாங்க. இங்கேயாவது என் முறை வரும்னு பார்த்தேன். நீ என்னடான்னா என்கிட்டயும் சேர்த்து வாயை மூடிக்கிட்டே."

கப்பலம்மா யோசித்துப் பார்த்தாள். இவர் கேட்பதே இல்லை என்று இத்தனை வருஷம் குறைப்பட்டிருக்கிறாளே தவிர, இவருக்கென்று உட்கார்ந்து என்ன சொன்னாள்? கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, இவ்வளவுதான். அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஊருக்கே சொல்லத் தெரிந்தவளுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"இந்தச் சட்டை உங்களுக்கு நல்லாவே இல்லீங்க" என்றாள் கடைசியில்.

"இப்பதான் சொல்றியா?" என்று மாஸ்டர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்புறம்?"