பக்கத்து வீட்டுத் தட்டு

தீபாவளி முடிந்ததிலிருந்து என் மகன் சிக்கந்தர் ராத்திரிச் சோற்றைத் தொடாமலே இருந்தான். "எல்லாம் நீ ஓதிக்கொடுத்த லட்சணம்" என்று என் வீட்டுக்காரர் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார்.

அவனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொன்னார். மதரசாவில் சேர்த்த வாரமே, "வீட்டுலயே வச்சுச் சொல்லிக்கொடுங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று வீம்பாக உட்கார்ந்தேன். வாயால் சொன்னால் அவனுக்கு ஏறாது, படம் போட்டால் பிடித்துக்கொள்வான். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தின் கழிவுத்தாளில் இரண்டு வீடும் இரண்டு தட்டும் வரைந்தேன். பக்கத்து வீட்டார் பசித்திருக்கும்போது நாம் வயிறாரச் சாப்பிடக்கூடாது, நபிகள் சொன்னது.

பிடித்துக்கொண்டான். பிடித்ததை விடவே மாட்டான், அதுதான் வினை. சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கைகாட்டுவான்.

"சுப்புத்தாய் தட்டு."

சுப்புத்தாய் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர், தனியாள். நான் வாசலில் நின்று, "சாப்பிட்டீகளாக்கா?" என்று கேட்பேன். "ஆச்சு தாயி" என்பார். அதை வந்து சொன்னால் இவன் நம்பவேண்டுமே. படத்தில் இரண்டு தட்டும் நிறைந்திருக்கிறது, அதேபோல் அவர் தட்டும் நிறைந்திருப்பதை அவன் கண்ணால் பார்க்கவேண்டும். கொஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் படத்தையே கிழித்துப்போட்டேன். துண்டுகளைப் பொறுக்கி அடுக்கி வைத்துக்கொண்டு அழுதான். நல்லது சொல்லிக்கொடுத்துப் பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்று என் பொறுமை போய்விட்டது. தரதரவென்று அவனை இழுத்துக்கொண்டு சுப்புத்தாய் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"நீங்களே சொல்லுங்கக்கா. எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டேங்கான்."

"நான் சாப்பிட்டேன்யா" என்றார் சுப்புத்தாய்.

அவன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே அடுப்படிக்குப் போய்ச் சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்தான். கழுவிக் காய்ந்த சட்டி. அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடந்தது.

"தீபாவளிக்கப்புறம் கம்பெனி திறக்கல தாயி" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. "மத்தியானம் ஒருவேளை கஞ்சி குடிச்சுக்கிடுதேன். உன்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

எங்கள் வீட்டுச் சோற்றை இரண்டு தட்டில் போட்டு அங்கேயே எடுத்துப்போனேன். சுப்புத்தாய் முதல் வாய் விழுங்கும்வரை சிக்கந்தர் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் தட்டை இழுத்து வைத்து அள்ளி அள்ளித் தின்றான்.

"இதெல்லாம் பிள்ளைக்கு யாரு தாயி சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார் அவர்.

சுவருக்கு இந்தப் பக்கம் அத்தனை நாளும் வயிறாரச் சாப்பிட்ட எனக்கு, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.