குளிர் தெரியாத மாமா

புதிதாய்ப் பிறந்த தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கிழமையில், சுவிஸ் நாட்டு டாவோஸ் பனி ஜன்னல் வரை ஏறி நின்ற ஒரு காலையில், எங்கள் வீட்டு ஹைட்சுங் நின்றுபோனது. நிலவறையில் இருந்துகொண்டு, எண்ணெயில் எரிந்து வீடு முழுவதையும் சூடாக்குகிற இயந்திரம் அது. "பிள்ளைக்குக் கால் விறைச்சுப்போச்சு" என்று அம்மா நிமிடத்துக்கொரு தரம் சொன்னார்.

அப்பா ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர். இயந்திரத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரு சிவப்புப் பொத்தான்தான். அதை அமுக்கினார். அது உறுமியது, இருமியது, அடங்கியது. மறுபடியும் அமுக்கினார். திருத்துகிறவர் பின்னேரம்தான் வருவாராம். நான் கால் தரிக்காமல் படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, முதல்நாள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். போரால் அங்கே எரிபொருளுக்குத் தடை. அவர் அப்பாவின் பின்னால் நின்று யோசனை சொன்னார்.

"அத்தான், எண்ணெய் இருக்கோ?"

அரைத் தொட்டிக்கு மேல் இருந்தது.

"அப்ப குழாய்க்குள்ள காத்துப் பூந்திருக்கும்."

அப்பா ஒரு திருகாணியைத் தளர்த்தினார். புஸ் என்றதே தவிர ஒரு சொட்டு வரவில்லை. மேலே தம்பி வீறிட்டான். அப்பா எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். அந்த வீட்டில் எரிந்தது அவர் மட்டுந்தான்.

"ஏன் அத்தான், டேப்பைத் திறந்தனீங்கள்தானே?" என்றார் மாமா.

"எந்த டேப்?"

தொட்டியிலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் ஒரு சின்னப் பிடியைக் காட்டினார். "ராத்திரி மெஷின் நிண்ட உடன நான்தான் பூட்டினன்."

"ஆரடாப்பா உன்னைப் பூட்டச் சொன்னது? அது தானாய் எரிஞ்சு தானாய் நிக்கிறதெல்லோ!"

"எண்ணெயைத் திறந்துபோட்டு ஆரும் நித்திரை கொள்ளுவினமோ?"

அப்பா பிடியைத் திருப்பினார். எண்ணெய் குமிழியிட்டு வந்தது. திருகாணியை இறுக்கிப் பொத்தானை அமுக்க, குப்பென்று நெருப்புப் பிடித்தது. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியைப் பார்க்க மேலே ஓடிவிட்டார். மாமா மட்டும் தொட்டியில் கை வைத்தபடி நின்றார்.

"முழுக்க இந்த ஒரு வீட்டுக்கோ?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம்" என்றேன், ஏதோ நானே ஊற்றி நிரப்பியதுபோல.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மாமா தன் அறைக்குச் சூடு தருகிற ரேடியேட்டரைத் திறக்கவேயில்லை. கோட்டோடு படுத்தார். அம்மா திறந்துவிட்டால் எழுந்துபோய்ப் பூட்டினார். ஊரில் மாமியும் பிள்ளைகளும் ஜாம் போத்தல் விளக்கில் திரியைக் குறைத்துவைத்துக்கொண்டு படிக்கிறார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன? என் மாமாவுக்குக் குளிரே தெரியாது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.