ராகு காலத்தில் திறக்காத ஜன்னல்

என் கணவர் அசோக் ஒரு கண்டுபிடிப்பாளர். இதைச் சொல்வது நான் இல்லை, அவருடைய விசிட்டிங் கார்டு. பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஜன்னலைத் தானாகத் திறந்து மூடும் மோட்டார் செய்கிறார். காலையில் அரியலூரில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். இடைப்பட்ட நேரத்தில் அவர் நாட்டுக்கே நல்லது செய்துகொண்டிருப்பதாக என் மாமியார் ஜெயலட்சுமி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

அதற்கு முன் ஓசூரில் கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் செய்யும் கம்பெனியில் இருந்தார். அங்கே மேலதிகாரிக்கு மூளை இல்லையாம், விட்டுவிட்டு வந்துவிட்டார். அதற்கு முந்தைய கம்பெனியிலும் மேலதிகாரிக்கு மூளை இல்லை. இவர் போகிற இடத்திலெல்லாம் அப்படிப்பட்டவர்களையே எப்படித்தான் தேடிப்பிடித்து மேலே உட்கார வைக்கிறார்களோ தெரியவில்லை.

எங்கள் வீடு சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. என் மாமனார் அங்கமுத்து அந்த லாரிகளைத்தான் வாழ்நாள் முழுக்க ஓட்டினார். இப்போது மூச்சு வாங்குகிறது. இரண்டு பேர் பிடித்தால் வாசல்வரை நடப்பார், இல்லாவிட்டால் கட்டில்தான். அவர் அறைக்கு ஒரே ஜன்னல். லாரி வந்தால் புழுதிக்கு மூட வேண்டும், போனதும் காற்றுக்குத் திறக்க வேண்டும். நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடி ஓடி அதைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் நாற்காலியில் சாய்ந்தபடி இதை வெகுநேரம் கவனித்தார். எழுந்துபோய் ஒருமுறை மூடியிருக்கலாம். அவர் மோட்டார் கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டார்.

முதலில் செய்தது மிக்ஸி அளவுக்கு இருந்தது, மிக்ஸி மாதிரியே கத்தவும் செய்தது. ஆனால் வேலை செய்தது. மாமா கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். லாரிச் சத்தம் கேட்டால் மாமா அமுக்குவார், ஜன்னல் மூடும். மறுபடி அமுக்கினால் திறக்கும். கரண்ட் போனால் கையால் திறக்கப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடியும் வைத்திருந்தார். மாமா முகத்தில் அன்றைக்குச் சிரிப்பைப் பார்த்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் அவரைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

நிறுத்துவாரா? போனில் ஏதோ வெளிநாட்டு மோட்டாரைப் பார்த்துவிட்டார். அது மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் இருந்ததாம். அன்றிலிருந்து சோறு தண்ணி இறங்கவில்லை. சைக்கிள் செயின் போல, ஒரு பக்கம் மட்டுமே மடங்குகிற சங்கிலி ஒன்றைச் செய்தார். பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும், மோட்டார் சுற்றினால் வெளியே வந்து விறைத்து நின்று ஜன்னலைத் தள்ளும். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இடம் போதவில்லை என்று கைப்பிடியைத் தூக்கி எறிந்துவிட்டார்.

"என்னங்க, நடுவுல மாட்டிக்கிட்டா எப்படித் திறக்கறது?" என்று கேட்டேன்.

"என் டிசைன் மாட்டாது. உனக்கு இதெல்லாம் புரியாது, விடு" என்றார்.

உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை மோட்டாரால்தான் சுற்ற முடியும், வெளியிலிருந்து யார் தள்ளினாலும் இம்மி அசையாது. திருடன் வந்தால்கூடத் திறக்க முடியாது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து தள்ளச் சொல்லிக் காட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் தர்மராஜ் வந்து சேர்ந்தார். ஜெயங்கொண்டம் பக்கம் நிலபுலன் உள்ளவர், அரியலூரில் மூன்று மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். எல்லா ஜன்னலுக்கும் மோட்டார் வேண்டும் என்றார், ஆனால் ஒரு நிபந்தனை. ராகு காலத்தில் வீட்டு வேலைக்காரர்கள் எதையாவது திறந்து வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் எடுத்த காரியமெல்லாம் இழுத்தடிக்கிறது என்று அவருக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். ராகு காலத்தில் பட்டனை அமுக்கினாலும் ஜன்னல் திறக்கக் கூடாது. செய்து தர முடியுமா?

முடியாது என்று சொல்லத் தன்மானம் வேண்டும். என் கணவர் அன்றைக்கே உட்கார்ந்து கிழமைவாரியாக ராகு காலத்தை மோட்டாருக்குள் ஏற்றினார். இன்ஜினியரிங் படித்துவிட்டுக் காற்றுக்கு நல்ல நேரம் பார்த்துக் கொடுத்த ஆள் இந்த இரண்டு மாவட்டத்திலும் இவர் ஒருவராகத்தான் இருப்பார். வாடிக்கையாளர் வீட்டில் மாட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அதைக் கொண்டுவந்து மாமா ஜன்னலில் மாட்டினார். மாமியாரிடம் பெருமையாகச் சொன்னார். என்னிடமும் மாமாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அத்தை குழம்புத்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். லாரி வந்ததால் மாமா ஜன்னலை மூடியிருந்தார். மிளகாய் நெடி அறைக்குள் போனதும் இருமல் கிளம்பியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கண் பிதுங்கி, முகம் கறுத்து, பட்டனை அமுக்கியபடி கிடந்தார். மோட்டாரிலிருந்து சின்ன முனகல்கூட இல்லை. ஜன்னலைத் தோளால் தள்ளினேன். எதுவும் அசையவில்லை.

அத்தை கரண்டியோடு வந்து நின்றார். "ராகு காலம்டி. அசோக்குதான் செட் பண்ணி வெச்சிருக்கான். செத்த நேரத்துல தானா திறந்துக்கும், பதறாத."

என் கணவரின் டூல்ஸ் பையிலிருந்து சுத்தியலை எடுத்துக் கண்ணாடியை உடைத்தேன். மாமாவின் தலையைத் தூக்கி அந்த ஓட்டைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்துத்தான் மூச்சு ஒரு சீருக்கு வந்தது. போன் போட்டு நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"கண்ணாடி மட்டுந்தானே ஒடைஞ்சுது? மோட்டார் மேல ஒண்ணும் படலியே?" என்றார் என் கணவர்.

அந்த ஆளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாளே புதுக் கண்ணாடி வந்தது. ராகு காலத்தை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். தர்மராஜ் வந்து பார்க்கப்போகிறார், அதுவரைக்கும் கை வைக்க முடியாது என்றுவிட்டார். "அப்பா பொறுத்துக்குவாரு" என்றார். மாமா கட்டிலில் கிடந்தபடி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தர்மராஜ் வந்தார். ராகு காலத்தில் பயணம் கூடாது என்று முன்கூட்டியே வந்து, மாமா கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது தொடங்கட்டும் என்று காத்திருந்தார். ஜன்னல் மூடிக் கிடந்தது. நேரம் வந்ததும் மாமா கையிலிருந்த பட்டனை வாங்கி அமுக்கினார், திறக்கவில்லை. மறுபடியும் அமுக்கினார். சின்னப் பிள்ளை மாதிரி அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பெரியவரே, நீங்கதானே தினம் பொழங்கறீங்க, எப்படி இருக்கு?"

மாமா மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "போன வெள்ளிக்கெழம மூச்சு அடைச்சுப் போச்சுங்க. உசுரே போயிடும்னு இருந்துச்சு. எவ்வளவோ அமுக்கினேன். திறக்கலீங்க."

"அப்பவும் திறக்கலியா!" தர்மராஜ் தொடையில் தட்டினார். "அசோக்கு, இதுதான்யா எனக்கு வேணும். எல்லா ஜன்னலுக்கும் போட்டுடு."

மாமா இன்னும் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பார். என் கணவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே தர்மராஜ் கையிலிருந்த பட்டனை வாங்கி மாமா கையில் திணித்தார். "அப்பா வூட்டுலயே சோதிச்சதுங்க சார். கேரண்டி."

"கவிதா" என்று கூப்பிட்டார் மாமா. "என்னய வாசலுக்குக் கூட்டிக்கிட்டுப் போம்மா."

நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். வாசலில் உட்கார வைத்துவிட்டு, கட்டிலைத் தூக்கிவந்து வேப்பமர நிழலில் போட்டுப் படுக்க வைத்தோம். தர்மராஜ் ராகு காலத்தில் வாசலைத் தாண்ட மாட்டார் என்பதால், வேர்த்து வழிய அந்த மூடிய அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். என் கணவரும் அவருக்கு விசிறியபடி உள்ளேயே இருந்தார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாமா துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார், புழுதி அடங்கியதும் எடுப்பார்.

ராகு காலம் முடிந்து தர்மராஜ் கிளம்பியதும் என் கணவர் வெளியே வந்தார். "வாங்கப்பா உள்ள. ஜன்னல் திறந்துடுச்சு."

"நீ போப்பா" என்றார் மாமா. "நா இங்கயே இருந்துக்கறேன்."

அன்றிலிருந்து அவர் கட்டில் வாசலில்தான் கிடக்கிறது. மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். உள்ளே அந்த அறையைச் சுத்தமாக ஒழித்து, வெள்ளையடித்து, என் கணவர் வாடிக்கையாளர்களுக்கு மோட்டார் காட்டும் அறையாக வைத்திருக்கிறார். வருகிறவர்கள் மாமாவின் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.